பேட்டரிக்கும் நிறுவை உண்டு

டார்ச் லைட்டுக்குப் போடுகிற பெரிய பேட்டரிக் கட்டையில் எவ்வளவு மின்சாரம் அடங்கியிருக்கிறது என்று அதன் மேல் யாரும் அச்சடித்ததில்லை. ஒன்றரை வோல்ட் என்று இருக்கும், கம்பெனி முத்திரை இருக்கும், அவ்வளவுதான். மீதியைத் தேயிலைத் தோட்டத்து ஜனங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். இந்தக் கட்டை ஒரு வாரம் நைட் ஷிப்ட் தாங்கும், அது மூணே நாளில் மஞ்சளடித்துவிடும் என்று தொழிலாளர் லயத்துக்கு லயம் பேச்சு ஓடும். கடைக்கார தவுக்கே எந்தக் கட்டையை முன்வரிசையில் அடுக்குவது என்பதை அந்தப் பேச்சுதான் தீர்மானித்தது. எண்ணைக் காட்டி விற்க வழியில்லாத காலம் அது. எண்ணைக் காட்டி ஏமாற்றவும் வழியில்லை. மலேசியாவின் கேமரன் மலையில் கைக்குள் அடங்கும் பேட்டரிகளுக்கு அந்த எண் வந்து சேர்ந்தது லித்தியத்தோடுதான். அந்த மலையின் தானா ராத்தாவில் பழுதுபார்க்கும் கடை வைத்துப் பிழைக்கிறவன் நான். எண்ணுக்கு முந்திய காலத்தில் வளர்ந்தேன், பிந்திய காலத்தில் சம்பாதிக்கிறேன்.

1885-இல் வில்லியம் கேமரன் அளந்துவிட்டுப் போன மலை இது. நாற்பது ஆண்டு கழித்து 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் இதைக் குளிர்வாசத் தலமாக்கும் பேச்சு சூடுபிடித்தது. 1929-இல் ஜே.ஏ. ரஸல், இலங்கையில் தேயிலை பழகிய ஏ.பி. மில்னைச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டைத் திருத்த அவர்களிடம் இருந்தவை ஆட்களும், கோவேறு கழுதைகளும், ஒற்றை நீராவி உருளை வண்டியும்தான் என்பது அந்தத் தோட்டத்தாரே சொல்லிக்கொள்ளும் கதை. 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. மலை முழுக்கத் தேயிலை ஏறியது இப்படி. ஏற்றிய கைகளில் என் தாத்தா கையும் உண்டு. எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம்.

தேயிலையில் பாதி வேலை இருட்டில் நடக்கிறது என்பது படம் பிடிக்க வருகிறவர்களுக்குத் தெரியாது. பகலில் பறித்த கொழுந்தை வாட்டுத் தட்டில் பரப்பினால், ஈரம் இறங்கி வாடுவதற்குப் பன்னிரண்டு மணி நேரமாவது பிடிக்கும். கணக்குப் பார்த்தால் உருட்டு மெஷினை ஓடவிட வேண்டிய நேரம் விடியற்காலை இரண்டோ மூன்றோ. அப்பா ஃபேக்டரியில் எஞ்சின் பார்த்தவர். லயத்திலிருந்து ஃபேக்டரிக்கு இறங்கும் பாதை முழுக்கச் சரிவு. மழை விட்டால் மூடுபனி, மூடுபனி விட்டால் மழை. டார்ச் இல்லாமல் இறங்கினால் வடிகாலில்தான் விடியும்.

லயத்துக்கு வெளிச்சம் கொடுத்ததும் ஃபேக்டரி எஞ்சின்தான். மாலை ஆறரைக்குப் போடுவார்கள், பத்து மணிக்கு நிறுத்துவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன்பு அப்பா ஒரு தடவை வேகத்தைக் குறைத்துக் கூட்டுவார். பல்புகள் மங்கி எழும். பாய் விரிக்காதவர்கள் விரித்துக்கொள்ள அதுதான் அறிவிப்பு. பத்துக்குப் பிறகு சிம்னி விளக்கு, டார்ச், இல்லையென்றால் தூக்கம்.

ஓய்ந்துபோன கட்டையை யாரும் உடனே வீசிவிட மாட்டார்கள். கீழ்நாட்டு ரப்பர் தோட்டங்களில் வெயிலில் காயவைப்பார்கள். எங்கள் மலையில் வெயிலை நம்ப முடியாது, அதனால் அடுப்பு மேடையின் ஓரத்தில், சாம்பல் பக்கமாக வரிசையாய் நிறுத்திவைப்பார்கள். காலையில் எடுத்துப் போட்டால் கட்டை இன்னும் கொஞ்ச நேரம் எரியும். இது வெறும் நம்பிக்கை இல்லை. கட்டை வேலை செய்யும்போது கரிக்கம்பியைச் சுற்றி ஹைட்ரஜன் படிந்து மின்சாரத்தை மறிக்கிறது. ஓய்வு கொடுத்தால் உள்ளே இருக்கும் மாங்கனீசு டை ஆக்சைடு அதை மெதுவாகத் தின்றுவிடும்; சூடு அந்த வேலையை விரைவாக்கும். போன உயிர் திரும்பவில்லை, மிச்சமிருந்ததைக் கறந்தார்கள். அடுப்பு மேடைப் பழக்கத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இத்தனைக்கும் நாட்டுக்கே மின்சாரம் கொடுத்த மலை எங்களுடையது. 1963-இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை கட்டி முடிந்தது. தெலோம் ஆற்றுத் தண்ணீரையும் சுரங்கம் வழியாகத் திருப்பி பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் கொண்டுவந்தார்கள். அணைத் தண்ணீர் மலைக்குள்ளேயே இறங்கி ஜோர் நிலையத்தில் 100 மெகாவாட், அதற்கும் கீழே வோ நிலையத்தில் 150 மெகாவாட். மின்சாரம் பேராக் சமவெளிக்கு விறுவிறுவென்று இறங்கிற்று, பக்கத்து லயத்துக்கு ஏறுவதற்குத்தான் அதற்கு மூச்சு வாங்கியது. தோட்ட முதலாளி வீட்டோடு குழாய்த் தண்ணீரும் போதிய மின்சாரமும் தர வேண்டும் என்று சட்டம் 446 சொன்னது 1990-இல். அதற்கு முன்பே கம்பி இழுத்துக்கொடுத்த தோட்டங்கள் இருந்தன. எங்களுடையது அந்த வகை இல்லை.

அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் கார் பேட்டரி. மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. லயத்துக்குள் கறுப்பு வெள்ளைப் பெட்டி வந்தபோது, எஞ்சின் நிற்கும் பத்து மணி பெரிய பிரச்சினையாகிவிட்டது, ஏனென்றால் தமிழ்ப் படம் பத்து மணிக்கு முடிவதில்லை. அதனால் 12 வோல்ட் கார் பேட்டரி. ஓய்ந்ததும் கொழுந்து லோரியில் ஏற்றி டவுனுக்கு அனுப்பி, சார்ஜ் போட்டு வாங்கிவருவார்கள். நான் தொழில் கற்றதே அப்படி ஒரு சார்ஜ் கடையில்தான். மரப் பலகை மேல் பத்துப் பதினைந்து பேட்டரி, ஒவ்வொன்றின் மேலும் சாக்கட்டியால் வீட்டுக்காரர் பெயர், அறை முழுக்கத் தொண்டையைக் கீறும் ஆசிட் வாடை.

பேட்டரி சோதனை என்பதை அந்தக் கடைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆசிட்டை ரப்பர் பல்பு வைத்த கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பார்ப்போம். உள்ளே மிதக்கும் குச்சி 1.26-க்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது, 1.15-க்குக் கீழே போனால் காலி. ஆனால் குழாய் இப்போதைய நிலையைச் சொல்லுமே தவிர, எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்லாது. அதற்கு என் கடை முதலாளி லோரியின் 21 வாட் பல்பு ஒன்றைக் கம்பியில் கட்டிவைத்திருந்தார். நிறையச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் அதை மாட்டிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் போலக் குடிக்கும். 35 ஆம்பியர் மணி பேட்டரி புதிதாக இருந்தால் காலையில் மாட்டியது நள்ளிரவு தாண்டியும் எரிய வேண்டும். மத்தியானச் சோற்றுக்குள் மங்கினால், "இதுல படம் பாக்க முடியாது, பாட்டு மட்டும் கேக்கலாம்" என்று சொல்லித் திருப்பிவிடுவார். டிவிக்கு ஆகாதது ரேடியோவுக்கு ஆகும் என்று அர்த்தம்.

ஈய பேட்டரியிலும் பொய் உண்டு, இல்லாமலில்லை. ஆனால் அது கனத்தை மீறிப் போக முடியாது. செத்த பேட்டரியைப் பழைய இரும்புக்காரன் கிலோ கணக்கில்தான் எடுப்பான். ஈயம் குறைந்திருந்தால் தூக்கும்போதே தோள் சொல்லிவிடும்.

தேயிலை ஜனங்களுக்கு நிறுவையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொழுந்துக் கூடையைத் தராசில் மாட்டும் நேரத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். தராசு முள்ளைப் பார்க்க மாட்டாள், கணக்கெழுதும் கிராணியின் பென்சிலைத்தான் பார்ப்பாள். கூடைக்கு இவ்வளவு கழிவு, மழை நாளில் ஈரத்துக்கு இவ்வளவு கழிவு என்று போகப் போக மீதி என்ன விழும் என்பது, கூடையை முதுகிலிருந்து இறக்கும்போதே அவளுக்குத் தெரியும். ஒரு ராத்தல் குறைத்து எழுதினால், "என்னா கிராணி, ராத்திரியே காஞ்சிருச்சா?" என்று வரிசையே கேட்கச் சத்தமாகக் கேட்பாள். கிலோ வந்து ராத்தல் போன பிறகும் மனசுக்குள் ராத்தலில்தான் கணக்கு. எழுதிய எண் வேறு, முதுகு அறிந்த எண் வேறு என்ற சந்தேகம் அந்தத் தலைமுறையின் ரத்தத்தில் இருந்தது. பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கியபோது அதை மட்டும் மலையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

சோனி லித்தியம் அயான் பேட்டரியை 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் நோபல் கிடைத்தது. குடினஃபுக்கு அப்போது வயது 97. மலைக்கு லித்தியம் முதலில் கைப்பேசிக்குள் ஒளிந்து வந்தது. பிறகு காய்கறித் தோட்டக்காரர்களின் தலைவிளக்கு, முதுகில் மாட்டும் மருந்து தெளிப்பான், அப்புறம் எல்லார் பையிலும் பவர்பேங்க். இவற்றில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் இருப்பது 18650 என்ற உருளை. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். 1994 வாக்கில் இந்த உருளைக்குள் சுமார் 1,100 மில்லி ஆம்பியர் மணிதான் அடைக்க முடிந்தது, 2001-இல் 1,900. இன்றைக்கு நல்ல கம்பெனிச் செல்களில் உச்சம் ஏறக்குறைய 3,500. முப்பது ஆண்டு ஆராய்ச்சி அந்த மூன்று மடங்கைத்தான் கொடுத்தது. இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு ஜோடியாக விற்கிறார்களே, பளபளக்கும் சிவப்பு உறையில், அதில் 9,900 என்று போட்டிருக்கிறது. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விடுங்கள்.

இந்தப் பொய்யைப் பிடிக்க என் கடையில் முதலில் நடப்பது நிறுவைதான். நகைக்கடைத் தராசு ஒன்றை மேசையில் வைத்திருக்கிறேன். ஒழுங்கான 18650 செல் 45 முதல் 48 கிராம் இருக்கும். 9,900-காரர் பெரும்பாலும் 30 கிராம் சொச்சத்தில் நிற்பார். உள்ளே சுருட்டிவைக்க வேண்டிய செம்பு, அலுமினியத் தகடுகளும் பூசிய மருந்தும் இல்லாமல் மின்சாரம் மட்டும் எப்படி இருக்கும்? சிலதில் மெல்லிய செல் ஒன்றை உள்ளே வைத்துச் சுற்றிலும் வெற்றிடம். ஒரு பவர்பேங்கைப் பிரித்தபோது நாலு உருளையில் இரண்டுக்குள் மணல் இருந்தது. மணல் போட்டவன் கெட்டிக்காரன், தராசு வைத்திருப்பவனையும் மனத்தில் வைத்துத் தொழில் செய்கிறான்.

அதனால் தராசோடு நிறுத்த முடியாது. லோரி பல்பு வேலையை இப்போது விரல் நீள மின்சுற்றுத் தட்டு ஒன்று செய்கிறது. செல்லை 4.2 வோல்ட் வரை நிறைத்து, சற்று ஆறவிட்டு, ஏழரை ஓம் சிமெண்ட் ரெசிஸ்டர் வழியாக வடியவிடுவேன். அரை ஆம்பியர் போல ஓடும். 3 வோல்ட்டுக்கு இறங்கியதும் தட்டு தானே நிறுத்தி, வடிந்ததைக் கூட்டிக் காட்டும். 2,600 என்று யோக்கியமாகப் போட்ட செல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். 9,900-காரர் இரண்டரை மணி நேரம் ஓடினாலே அன்றைக்கு எனக்கு ஆச்சரியம். இதில் தொழில் சூட்சுமம் ஒன்று: ஸ்பிரிங் வைத்த மலிவு ஹோல்டரில் மெல்லிய வயரில் மாட்டி அளந்தால் நல்ல செல்லுக்கும் கெட்ட பெயர் வரும். வோல்ட்டில் கொஞ்சத்தை ஸ்பிரிங்கும் வயருமே தின்றுவிடும், தட்டு சீக்கிரமே நிறுத்திவிடும். வோல்ட் பார்க்கும் வயரைத் தனியாக, செல்லின் முனையிலேயே தொடவைக்க வேண்டும். செல்லைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் தராசைச் சரிபார்ப்பது நியாயம். கிராணிகளிடம் நாங்கள் எதிர்பார்த்ததும் அதுதான்.

அவசரத்தில் வருகிறவர்களுக்கு ஐந்து மணி நேரம் காத்திருக்கப் பொறுமை இருக்காது. நிறைந்த செல்லின் வோல்ட்டைப் பார்த்துவிட்டு, ஒரு ஆம்பியர் சுமை கொடுத்து மறுபடி பார்ப்பேன். 4.15 இருந்தது 4.08-க்கு வந்தால் நல்ல உடம்பு. 3.7-க்குச் சரிந்தால், அது பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிப் புது உறை போட்ட கிழம். தலைவிளக்கில் மங்கலாக எரிய அதுவும் போதும். மருந்து தெளிப்பான் மோட்டாருக்கு ஆகாது. தெளிப்பானில் மூன்று நான்கு செல்லை வரிசையாகக் கோத்திருப்பார்கள். வரிசையில் மிக நோஞ்சான் செல் இறங்கியதைப் பார்த்ததும் காப்புத் தட்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும். மற்ற செல்களில் பாதி மீதியிருந்தாலும் தோட்டக்காரர் தண்ணீர் நிறைந்த தொட்டியை முதுகில் சுமந்துகொண்டு சரிவில் நிற்க வேண்டியதுதான்.

பவர்பேங்க் விஷயத்தில் மட்டும் வாடிக்கையாளர்களிடம் நான் கம்பெனிக்காரர்கள் பக்கம் பேச வேண்டியிருக்கிறது. பத்தாயிரம் என்று போட்டு ஆறாயிரத்து ஐந்நூறுதான் வருகிறது, ஏமாற்று என்று வருவார்கள். அது ஏமாற்று இல்லை. பத்தாயிரம் என்பது உள்ளே 3.7 வோல்ட்டில் எண்ணியது, அதாவது 37 வாட் மணி. வெளியே போவது 5 வோல்ட்டில். 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7.4 ஆம்பியர் மணி, அதாவது 7,400 மில்லி ஆம்பியர் மணி. வோல்ட்டை ஏற்றும்போது சூடாகப் போவது பத்துப் பதினைந்து விழுக்காடு. ஆறாயிரத்துச் சொச்சம் வந்தால் கைகுலுக்கி வாங்கிக்கொள்ளலாம். பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் இந்த இரண்டாவது எண்ணையும் போடுகிறவன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

குளிரைப் பற்றியும் கேட்பார்கள். லித்தியத்துக்குக் குளிர் ஆகாது, உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் கேமரன் மலையில் 1978-இல் பதிவான குறைந்தபட்சமே 7.8 டிகிரி. பேட்டரி அதற்கெல்லாம் போர்வை கேட்காது. இங்கே எதிரி ஈரம். நிக்கல் பட்டையில் பச்சை பூக்கும், சார்ஜர் துளையில் துரு ஏறும், மூன்று மாதம் அலமாரியில் கிடந்த பவர்பேங்கின் தட்டுக்குக் கீழே பூஞ்சையே பிடித்திருக்கும்.

ஈரம் என்றதும் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? அடுப்பு மேடையைத் தேடுகிறார்கள். இதற்காகத்தான் அந்தப் பழக்கத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். என் அத்தை ஒருவர், மழையில் நனைந்த கைப்பேசியின் பேட்டரியைக் கழற்றி, அவருடைய மாமியார் டார்ச் கட்டையை நிறுத்திய அதே இடத்தில் நிறுத்திவைத்திருந்தார். துத்தநாகக் கட்டைக்குச் சூடு மருந்து. லித்தியத்துக்கு விஷம். எண்பது தொண்ணூறு டிகிரியைத் தாண்டினால் உள்ளே தகட்டின் மேல் இருக்கும் காப்புப் படலம் சிதையத் தொடங்கும், இன்னும் ஏறினால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தாள் உருகும், பிறகு நடப்பதை யாரும் நிறுத்த முடியாது. அது தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும். முழுக்க வடிந்து இரண்டு வோல்ட்டுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த செல்லை வேறு பேட்டரியோடு கோத்து "எழுப்புகிற" வித்தையும் இதே ரகம். உள்ளே செம்பு கரைந்து, சார்ஜ் ஏறும்போது வேறு இடத்தில் ஊசி ஊசியாய்ப் படிந்திருக்கும். பலகை வீட்டில், கட்டிலுக்கடியில், ராத்திரி முழுக்க அதைச் சார்ஜில் விட்டுத் தூங்குகிறவர்களிடம் நான் கத்தியிருக்கிறேன். நல்ல பேச்சுக்கு அவர்கள் மசியவில்லை.

ரிங்லெட் ஏரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு என் மேசைதான் நினைவுக்கு வரும். அணை கட்டியபோது கணித்த கொள்ளளவு பழைய காகிதத்தில் அப்படியே இருக்கிறது. மேலே காய்கறித் தோட்டத்துக்கு மலையைக் கிளறியதில் மண் இறங்கி, ஏரியின் பாதியளவுக்கு வண்டல் அடைத்துக்கொண்டது. மின்சாரக் கம்பெனி வருஷக்கணக்காகத் தூர் வாரிக்கொண்டிருக்கிறது. அதுவும் ஒரு பேட்டரிதான், பழசாகிப்போன பேட்டரி. ஆனால் அங்கே அளந்து பார்க்கப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், எண்ணை மாற்றி எழுதுகிறார்கள்.

இப்போது தோட்டத்தில் கொழுந்து வெட்டுவது பெரும்பாலும் வங்காளதேசத்து, நேப்பாளத்து, இந்தோனேசியத் தம்பிகள். மிதமான சரிவில் இரண்டு பேர் பிடிக்கும் பெட்ரோல் வெட்டி, செங்குத்தில் பை கட்டிய கத்தரி. பேட்டரியில் ஓடும் ஒற்றை ஆள் வெட்டிகளும் சீனாவிலிருந்து வரத் தொடங்கிவிட்டன, அவற்றின் பேட்டரிப் பெட்டிகளும் சீக்கிரம் என் மேசைக்கு வரும். இந்தத் தம்பிகளுக்குப் பவர்பேங்க் என்பது ஊரோடு பேசும் நேரம். சோதித்துக் கொடுக்கும் ஒவ்வொன்றின் முதுகிலும் அழியாத மையால் அளந்த எண்ணையும் தேதியையும் எழுதிவிடுவேன். அடுத்த வருஷம் வந்தால் பழைய எண்ணை அடிக்காமல் கீழே புது எண்ணை எழுதுவேன். ஊருக்குத் திரும்புகிறவன் விற்றுவிட்டுப் போகும்போது, லயத்தில் பேரம் அந்தக் கடைசி வரியை வைத்துத்தான் நடக்கிறது என்று கேள்வி.

அண்மையில் ஒரு தம்பி 50,000 என்று கொட்டை எழுத்தில் போட்ட பெட்டியைக் கொண்டுவந்தான். லேசாக இருந்தது. வடித்துப் பார்த்ததில், செல் கணக்கில் ஏழாயிரம் தேறியது. 26 வாட் மணி. முதுகில் எழுதிக்கொடுத்தேன். அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "அண்ணே, இத பிளேன்ல விடுவானா?" என்றுதான் கேட்டான். அடுத்த வாரம் டாக்காவுக்கு டிக்கெட். விமானத்தில் 100 வாட் மணிவரை கேள்வியில்லை, 160 வரை கேட்டுக்கொண்டு கொண்டுபோகலாம், அதற்கு மேல் கூடாது. ஐம்பதாயிரத்தை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 185 வாட் மணி. உள்ளே இருப்பது என்னவோ அனுமதித்ததில் கால்வாசிதான், ஆனால் சோதனை மேசையில் நிற்கிறவன் அச்சில் இருப்பதைத்தான் படிப்பான், என் பேனா எழுத்தைப் படிக்க மாட்டான். "பிடுங்கிருவான் தம்பி" என்றேன். அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தக் கொட்டை எழுத்தைச் சுரண்ட என்னிடம் பிளேடு இருக்கிறதா என்று கேட்டான்.